ஆயாவின் உடம்பும் மாமாவின் சுகரும்

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பந்தியானாலும் சரி, கருமாதி வீடானாலும் சரி, ஒரு பேச்சு தவறாமல் வந்துவிடும். "அந்தக் காலத்து உடம்பே வேறப்பா. களியைத் தின்னுட்டு, கூழைக் குடிச்சிட்டு எப்படி இருந்தாங்க! இப்போ பாரு, நாப்பது வயசுலயே சுகர், பிரஷர்." எங்கள் குடும்பத்தில் இதற்குச் சாட்சியாகக் காட்டப்படுபவர் என் அப்பாவைப் பெற்ற ஆயா. வேலூர் மாவட்டத்தில் கே.வி.குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். தொண்ணூறைத் தாண்டி வாழ்ந்தார். நாற்று நட்டு, விறகு சுமந்து, கேழ்வரகுக் களியும் மல்லாட்டை (நிலக்கடலை) சட்னியும் தின்ற உடம்பு. சுகர் மாத்திரையைக் கையால் தொட்டதில்லை.

இந்தப் பேச்சில் வராத சிலர் இருக்கிறார்கள். ஆயா பெற்றது ஒன்பது பிள்ளைகள். அதில் நான்கு, ஐந்து வயதைப் பார்க்கவில்லை. ஒன்று பேதியில் போனது, ஒன்று அம்மையில் போனது, மற்ற இரண்டும் எதனால் போனது என்று ஆயாவுக்கே தெரியாது. ஆயாவின் தங்கை இரண்டாவது பிரசவத்தில் இறந்துபோனார். அவருக்கு அப்போது இருபது வயதுகூட ஆகியிருக்காது. அவரும் அதே களியைத்தான் தின்றார், அதே கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தார். ஆனால் பந்தியில் யாரும் அவரைச் சாட்சிக்கு அழைப்பதில்லை.

1971-ல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 பேர் முதல் பிறந்தநாளுக்கு முன்பே இறந்தார்கள். 2020-ல் அந்த எண்ணிக்கை 28. தமிழ்நாட்டில் 13. அந்தக் காலத்து உடம்பு என்று நாம் பெருமையாகச் சொல்வது, இத்தனை சாவுகளையும் தாண்டி மிஞ்சியவர்களின் உடம்பை. மிஞ்சியவர்களை மட்டும் வரிசையில் நிறுத்திவிட்டு, இன்றைய தலைமுறையில் எல்லோரையும் எதிரே நிறுத்தினால் அது நியாயமான ஒப்பீடு ஆகாது. இதை நான் பல வீடுகளில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இறந்த குழந்தைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் பெரியவர்கள் அமைதியாகிவிடுவார்கள். அந்தத் துக்கம் இன்னும் ஆறவில்லை.

அப்படியென்றால் தலைமுறைகளை எப்படித்தான் ஒப்பிடுவது? நாற்பது வயதை நாற்பது வயதோடு வைத்துப் பார்க்க வேண்டும். 1950-ல் பிறந்தவர் நாற்பது வயதில் எப்படி இருந்தார், 1970-ல் பிறந்தவர் அதே நாற்பதில் எப்படி இருந்தார் என்று. இதற்கு ஞாபகம் போதாது. அன்றைக்கே யாராவது எடை பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்து, எழுதி வைத்திருக்க வேண்டும். அதே ஆட்களைப் பல வருடம் கழித்துத் தேடிப்போய் மறுபடி பார்க்க வேண்டும். அவர்களுக்குப் பின்னால் பிறந்தவர்களையும் அதே முறையில் பார்க்க வேண்டும். ஒரு டாக்டரின் வேலைக் காலம் முழுவதும் போய்விடும், முடிவு அவர் ஓய்வு பெற்ற பிறகுதான் வரும். அப்படிப்பட்ட பொறுமை.

நெதர்லாந்தில் டூட்டின்கெம் என்ற ஊரில் 1987-ல் தொடங்கிய ஆய்வு இந்த வகைதான். இருபதுகளில், முப்பதுகளில், நாற்பதுகளில், ஐம்பதுகளில் இருந்த 6,000-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துக்கொண்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் பரிசோதித்தார்கள். 2013-ல் வெளிவந்த முடிவு என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. ஆய்வு தொடங்கியபோது முப்பதுகளில் இருந்த ஆண்களில் 40 சதவீதம் பேர் அதிக எடையோடு இருந்தார்கள். பதினோரு ஆண்டு கழித்து, அடுத்த தலைமுறை ஆண்கள் முப்பதுகளுக்கு வந்தபோது அது 52 சதவீதம். உடல் பருமனை மட்டும் எடுத்துக்கொண்டால், இளைய தலைமுறை சராசரி நாற்பது வயதில் இருக்கும் நிலை, மூத்த தலைமுறை ஐம்பத்தைந்தில் இருந்த நிலை. அதாவது 15 வருடம் முன்கூட்டியே வந்து நிற்கிறது. ஆனால் கொலஸ்ட்ரால் கணக்கில் தலைமுறைக்குத் தலைமுறை அப்படி மோசமாகவில்லை. எல்லாமே ஒரே திசையில் போவதில்லை.

அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு இன்னும் பழையது. 1948-ல் 5,209 பேரோடு தொடங்கி, 1971-ல் அவர்களுடைய பிள்ளைகளையும், 2002-ல் பேரப்பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. பிரஷரும் கொலஸ்ட்ராலும் சிகரெட்டும் இதயத்தைக் கெடுக்கும் என்று இன்று நம் ஊர் டீக்கடையில்கூடப் பேசுகிறோமே, அந்த அறிவில் பெரும்பங்கு அங்கிருந்து வந்தது. அதே ஆய்வில் 2016-ல் வேறொன்றும் சொன்னார்கள். முதுமையில் வரும் மறதி நோய், 1970-களின் கடைசியிலிருந்து பார்த்தால், பத்தாண்டுக்குப் பத்தாண்டு புதிதாக வருவது ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. ஆனால் பள்ளிப்படிப்பை முடித்தவர்களிடம்தான் அந்தக் குறைவு தெரிந்தது. "எல்லாம் கெட்டுப்போச்சு" என்று சொல்பவர்களுக்கும் "எல்லாம் முன்னேறிடுச்சு" என்று சொல்பவர்களுக்கும் இதில் பதில் இருக்கிறது.

சரி, டூட்டின்கெம் எங்கே, நம்ம ஊர் எங்கே என்று கேட்கலாம். நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். நம்ம ஊரிலேயே அப்படி ஒரு ஆய்வு இருக்கிறது. நம் ஆட்களுக்கே அது தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம்.

1969-லிருந்து 1973 வரை, வேலூர் நகரத்தின் சில பகுதிகளிலும் கே.வி.குப்பம் வட்டாரக் கிராமங்களிலும், சிஎம்சி (வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆராய்ச்சியாளர்கள் திருமணமான பெண்களை வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். மொத்தம் 20,626 பெண்கள். யார் கர்ப்பமானார்கள், எப்படிப் பிரசவம் ஆனது என்று தொடர்ந்து பார்த்து, ஒற்றையாக உயிரோடு பிறந்த 10,691 குழந்தைகளைப் பதிவு செய்தார்கள். பெரும்பாலான பிரசவங்கள் வீட்டில் நடந்த காலம். மண் ரோடு. குழந்தை பிறந்த செய்தி தெரிந்ததும் தராசைத் தூக்கிக்கொண்டு போய், எடையும் நீளமும் அளந்து எழுதினார்கள். தாயையும் அளந்தார்கள், தகப்பனையும் அளந்தார்கள். அன்று யாரும் சர்க்கரை நோயை நினைத்து இதைச் செய்யவில்லை. பிரசவம் எப்படி ஆகிறது, உறவுக்குள் கட்டிக்கொடுப்பதால் குழந்தைக்குக் கெடுதல் வருகிறதா என்பவைதான் அன்றைய கேள்விகள். அக்கா மகளைத் தாய்மாமன் கட்டுவது நம் கிராமங்களில் சாதாரணமாக இருந்த காலம் அது.

அந்தக் குழந்தைகளை விட்டுவிடவில்லை. கைக்குழந்தையாக இருக்கும்போது, ஆறேழு வயதில், பிறகு பத்திலிருந்து பதினைந்து வயதுக்குள் மறுபடி அளந்தார்கள். 1998-க்கும் 2002-க்கும் நடுவில், 26 முதல் 32 வயதுக்காரர்களாகிவிட்ட 2,218 பேரைத் தேடிப் பிடித்து, குளுக்கோஸ் குடிக்க வைத்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நாற்பதைத் தாண்டிய பிறகும் அவர்களில் ஒரு பகுதியினரைப் பார்த்திருக்கிறார்கள்.

10,691 எங்கே, 2,218 எங்கே. எனக்கு முதலில் உறைத்தது இந்த இடைவெளிதான். சிலர் சிறுவயதிலேயே இறந்திருப்பார்கள். பெங்களூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போனவர்கள் இருப்பார்கள். கட்டிக்கொடுத்து வேறு ஊருக்குப் போன பெண்ணை, அப்பா பெயரிலிருந்து புருஷன் பெயருக்கு மாறிய பெண்ணை, முப்பது வருடம் கழித்து எப்படித் தேடுவது? மிஞ்சியவர்களை மட்டும் வைத்துப் பேசுவதில் உள்ள கோளாறு இங்கேயும் எட்டிப் பார்க்கத்தான் செய்யும். பந்திப் பேச்சுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒன்று உண்டு. இங்கே காணாமல் போனவர்களின் பிறப்பு எடையும் தாய் தகப்பன் விவரமும் ஏட்டில் இருக்கிறது. கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும் பிறக்கும்போது எவ்வளவு வேறுபட்டிருந்தார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும். ஆயாவின் நான்கு குழந்தைகளுக்கு எந்த ஏடும் இல்லை.

அந்த 2,218 பேரில் 2.7 சதவீதம் பேருக்கு அந்த வயதிலேயே சர்க்கரை நோய். இன்னும் 18.9 சதவீதம் பேருக்கு நோய் என்று சொல்லும் அளவு இல்லை, ஆனால் குளுக்கோஸ் குடித்த பிறகு சர்க்கரை இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை. வயது முப்பதுக்குள் அல்லது ஒட்டி. ஐந்தில் ஒருவருக்கு மேல் ஏதோ ஒரு கோளாறு. அதுவும் இன்றைய பேக்கரி, பரோட்டா, செல்போன் காலத்துக்கு முன்பு.

யாருக்கு அப்படி ஆனது என்று பின்னோக்கிப் பார்த்தபோதுதான் அந்தப் பழைய தராசுக்கு வேலை வந்தது. பிறக்கும்போது குட்டையாகவும், கைக்குழந்தைப் பருவத்தில் ஒல்லியாகவும் இருந்து, பிறகு வளர்ந்து ஆளாகும்போது வேகமாகச் சதை போட்டவர்களிடம் இந்தக் கோளாறு கூடுதலாகத் தெரிந்தது. குண்டாகப் பிறந்தவர்களிடம் அல்ல.

இங்கே என் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் கடைசித் தம்பி, 1971-ல் பிறந்தவர். நாற்பத்தொன்றில் சுகர் வந்தது. ஆள் பார்க்க ஒல்லிதான், வயிறு மட்டும் கொஞ்சம் முன்னால் இருக்கும். காட்டிய இடத்தில் எல்லாம் ஒரே கேள்வி: என்ன சாப்பிடுறீங்க, நடக்குறீங்களா, வாயைக் கட்டுப்படுத்துங்க. வீட்டிலும் அதே பாட்டு. மாமாவுக்குக் குடிப்பழக்கம் கிடையாது. தோல் ஷாப்பில் நின்றுகொண்டே வேலை செய்தவர். "நான் அப்படி என்னத்தம்மா தின்னுட்டேன்?" என்று என்னிடம் ஒருமுறை கேட்டார். அவர் குரலில் இருந்த அவமானம் எனக்கு மறக்காது. நோயைவிட அது அதிகமாக அவரைத் தின்றது.

மாமா கருவில் இருந்த வருடங்களை எண்ணிப் பார்க்கிறேன். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி அவ்வளவு பெரிய விஷயமாக இருந்ததென்றால், அரிசிக்கு எவ்வளவு திண்டாட்டம் இருந்திருக்க வேண்டும். அந்தத் திண்டாட்டத்தில் வளர்ந்த பெண்கள்தான் இந்தக் குழந்தைகளைச் சுமந்தவர்கள். மாமாவைப் பெற்ற அம்மாச்சி, வீட்டில் எல்லோரும் தின்ற பிறகு சட்டியில் மிச்சம் இருந்தால் சாப்பிடுவார். மிச்சம் இல்லாத நாளில் நீராகாரம். வயிற்றில் பிள்ளை இருந்த மாதங்களிலும் களை எடுக்கப் போயிருக்கிறார்.

தாய்க்குப் போதாதபோது கருவில் இருக்கும் குழந்தையின் உடம்பு இருப்பதைப் பங்கு போட வேண்டியிருக்கிறது. மூளைக்கு முதல் பங்கு. கணையம், சிறுநீரகம், தசை இவற்றுக்குக் குறைத்துக் கொடுக்கிறது. இன்சுலின் சுரக்கும் செல்கள் குறைவு, சர்க்கரையைச் செலவழிக்கும் தசையும் குறைவு. வாழ்நாள் முழுக்கக் குறைவாகவே கிடைக்கும் என்றால் அந்த உடம்பு ஓரளவு சமாளித்துவிடும். சாப்பாடு பெருகினால்தான் தடுமாறுகிறது. இங்கிலாந்தில் டாக்டர் டேவிட் பார்க்கர் ஹெர்ட்ஃபோர்ட்ஷையரின் பழைய பிறப்பு ஏடுகளைத் தேடியெடுத்து, 1911-க்கும் 1930-க்கும் நடுவில் பிறந்த ஆண்களைப் பின்தொடர்ந்து, சிறிதாக இருந்த குழந்தைகள் பெரியவர்களானபோது மாரடைப்பில் அதிகம் இறந்தார்கள் என்று 1989-ல் காட்டினார். அங்கேயும் வீடு வீடாகப் போன நர்சுகள் எழுதி வைத்த ஏடுதான். புனேயில் டாக்டர் யாக்னிக் இன்னொன்றைக் காட்டினார். அங்கே பிறக்கும் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. எடையில் இவ்வளவு குறைந்தும் நம் குழந்தைகளுக்குத் தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. குறைந்தது தசையும் உள்ளுறுப்புகளும்தான். மாமாவின் ஒல்லி உடம்பும் முன்னால் நிற்கும் வயிறும் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது மாமாவுக்குப் பதினொரு வயது. பள்ளியில் சூடான சோறு கிடைத்தது. அது எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றிய சோறு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்புறம் ரேஷன் அரிசி மலிவானது, 2011-ல் இலவசமானது. கேழ்வரகு வயல்கள் குறைந்தன, மூன்று வேளையும் அரிசி என்றானது. சைக்கிள் போய் மொபட் வந்தது. ஒரே ஆளின் வாழ்நாளுக்குள் பஞ்சமும் நிறைவும். ஆயாவுக்குத் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே மாதிரிச் சாப்பாடு, ஒரே மாதிரி உழைப்பு. நடுவில் மாட்டிக்கொண்டது மாமாவின் தலைமுறை. அதை அவர்களுடைய சோம்பேறித்தனம் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

இதனால் நடப்பதும் சாப்பாட்டைக் குறைப்பதும் வேண்டாம் என்று ஆகாது. வேலூர் ஆய்விலேயே பிறகு போட்ட எடைக்கு ஒரு பங்கு உண்டு. பிறப்பு நம் கையில் இல்லை, அந்தப் பங்கு நம் கையில் இருக்கிறது. மாமாவிடம் நான் இதைத்தான் சொன்னேன். திட்டாமல் சொன்னால் நடக்கிறார். இப்போது காலையில் ஏரிக்கரைப் பக்கம் ஒரு சுற்று வருகிறார்.

1991–94-ல் வேலூர் நகரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் 30 முதல் 60 வயதுக்காரர்களைப் பரிசோதித்த ஒரு கணக்கெடுப்பு இருக்கிறது. அதே மாதிரி 2010–12-ல் மறுபடி எடுத்தார்கள். ஆட்கள் வேறு, வயது ஒன்று. நாற்பதை நாற்பதோடு வைத்துப் பார்ப்பதற்கு நம் ஊரிலேயே கிடைத்த நல்ல வாய்ப்பு. இருபது வருடத்துக்குள் சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், அதிக எடை எல்லாம் ஏறியிருந்தன. நகரத்தில் மட்டுமல்ல, கிராமத்திலும். "கிராமத்துல சுகர் வராது" என்று இன்னும் சொல்பவர்களை எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்காவது சுகர் நோயாளிகளைப் பார்க்கும் நாளில் அழைத்துப் போக ஆசை.

இந்த மாவட்டத்துக்கு எண்ணி எழுதி வைக்கும் பழக்கம் எப்படியோ வந்துவிட்டது. 1900-ல் அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனைதான் சிஎம்சி. அது 1977-ல் கே.வி.குப்பத்தில் ரூசா என்ற கிராம சுகாதாரப் பிரிவைத் தொடங்கி கிராமத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. சிஎம்சியின் டாக்டர் ஜேக்கப் ஜான் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் டாக்டர்களிடமிருந்து நோய்த் தகவல்களைத் தபால் அட்டையில் வாங்கி, எங்கே என்ன நோய் கிளம்புகிறது என்று பார்க்க ஒரு ஏற்பாடு செய்தார். 2002-லிருந்து டாக்டர் ககன்தீப் காங் குழுவினர் வேலூரின் ஏழைத் தெருக்களில் பிறந்த குழந்தைகளை மூன்று வயது வரை, வாரத்துக்கு இரண்டு முறை வீட்டுக்கே போய்ப் பார்த்தார்கள். முழு மூன்று வருடமும் கூடவே இருந்தவை 373 குழந்தைகள். ரோட்டா வைரஸ் பேதி ஒருமுறை வந்துபோனால் மறுபடி வராமல் எவ்வளவு காக்கிறது என்பது கேள்வி. மெக்சிகோவில் இரண்டு முறை தொற்று வந்த குழந்தைக்குக் கடுமையான பேதி வரவே இல்லை. வேலூரில் மூன்று முறை வந்த பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். நம் குழந்தைகளுக்கு நம் ஊரிலேயே பார்க்க வேண்டும், வேறு நாட்டுக் கணக்கை அப்படியே நம்ப முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. ரோட்டா வைரஸ் பேதிக்கு இன்று அரசு தடுப்பூசிப் பட்டியலிலேயே சொட்டு மருந்து இருக்கிறது. ஆயாவின் குழந்தையைக் கொண்டுபோனதும் அதுவாக இருந்திருக்கலாம்.

அந்த 1969–73 குழந்தைகள் பெற்றோரானபோது அவர்களுடைய பிள்ளைகளின் பிறப்பு எடையையும் பார்த்தார்கள். தாய் பிறந்தபோது இருந்த எடை பிள்ளையின் எடையைத் தொடுகிறது என்பது எதிர்பார்த்ததுதான். தகப்பன் பிறந்தபோது இருந்த எடையும் தொட்டது. "பொண்ணு ஒல்லியா இருக்கா, பிள்ளை எப்படி நல்லா பிறக்கும்" என்று மருமகளை மட்டும் பார்த்துப் பேசும் வீடுகளில் இதைப் படித்துக் காட்ட வேண்டும்.

ஆனாலும் தட்டில் குறைவது பெண்ணுக்குத்தான். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சத்துணவு, ரேஷன், ஊருக்கு ஊர் நர்சம்மா எல்லாம் இருக்கும் மாநிலத்தில் பாதிக்கு மேல். இன்னும் நாற்பது வருடம் கழித்து நாற்பது வயதாகப் போகிறவர்களின் சர்க்கரையில் ஒரு பங்கு இன்றைக்கு இந்தப் பெண்களின் தட்டில் முடிவாகிக்கொண்டிருக்கிறது. தலைமுறை ஒப்பீடு எனக்குப் பழங்கதை அல்ல என்று சொல்வது இதனால்தான்.

சமீபத்தில் காட்பாடியில் இருக்கும் என் சித்தி மகள் போன் செய்தாள். தெருவுக்கு ஒரு ஆய்வுக் குழு வந்திருக்கிறதாம், எடை மெஷினும் டேப்பும் எடுத்துக்கொண்டு. "வீட்ல வேலை கிடக்குது, இவங்களுக்கு ரத்தம் குடுத்து நமக்கு என்னக்கா பிரயோஜனம்?" என்றாள். அவளுக்கு இரண்டு வயதில் ஒரு பையன், அடுத்த குழந்தைக்கு யோசித்துக்கொண்டிருக்கிறாள். ஐம்பது வருடத்துக்கு முன்னால் நம்ம பக்கத்துத் தெருக்களில் வேலையைப் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தராசில் படுக்க வைத்த பெண்களைப் பற்றி அவளிடம் சொன்னேன். அவர்களுக்கும் அன்று எந்தப் பிரயோஜனமும் தெரிந்திருக்காது. மாமா விஷயத்தையும் சொன்னேன். கேட்டுக்கொண்டு போய் ரத்தம் கொடுத்தாள்.

ஹீமோகுளோபின் குறைவு என்று வந்தது. இரும்புச்சத்து மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறாள், மாத்திரையை ஒட்டி டீ குடிக்கக் கூடாது என்று நர்சம்மா சொன்னதையும் கடைப்பிடிக்கிறாள். இரவில் எல்லோரோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றாள். அவள் மாமியார் நல்லவர், எடுத்துச் சொன்னால் கேட்பார். அடுத்த வாரம் காட்பாடி போகிறேன், மற்ற ஆறு நாட்களைப் பற்றிப் பேச.